பதினான்கு பதில் உறைகள்

1. மிளகாய் மில்லில் வேலை பார்த்த ஒரு பெண், உலகத்தில் நடக்காத விஷயங்களைக் கதையாக எழுதினார்.

2. அப்படிப்பட்ட கதைகளுக்குச் சன்மானம் கொடுக்கிற பத்திரிகைகள் எவை என்று நான் தேடிப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன்.

3. இரண்டு ஆண்டுகளில் பதினான்கு கதைகள் கப்பலில் சென்னைக்குப் போயின. ஒவ்வொன்றோடும் போன பதில் உறையை நான்தான் தயாரித்தேன்.

4. ஒன்றும் திரும்பி வரவில்லை.

5. ஏன் வரவில்லை என்பது ஒரு வியாழக்கிழமை எனக்குத் தெரிந்தது.

6. அதை அவரிடம் சொல்ல ஒன்பது வாரம் எடுத்துக்கொண்டேன்.

7. அந்த ஒன்பது வாரத்தில் நான்காவது வாரம், அவர் இரண்டு ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தது எங்கள் மாடிப்படி ஏறி வந்தது. வந்த வழியே இறங்கியும் போனது.

இதற்கு மேல் எண் போட எனக்கு வரவில்லை. அந்த அக்காவை நினைக்கும்போது எதுவும் வரிசையில் வருவதில்லை. முதலில் கைதான் வருகிறது.

மிளகாய்க் காம்பு கிள்ளுகிற கை. விரல் நுனிகள் சிவந்து, தோல் உரிந்து, நகத்தோரம் எப்போதும் வெடித்திருக்கும். வேலை விட்டு வந்ததும் புளித்தண்ணீரில் கழுவுவார், பிறகு தேங்காய் எண்ணெய், பிறகு மறுபடி சோப்பு. அப்படியும் நெடி போகாது. கண்ணில் தூசி விழுந்தால் என் அம்மாவிடம் வந்து முகத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்; தன் கையால் தொட முடியாது. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில் முன் அறை எங்களுடையது, பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவருடையது. அவர் தாளை எடுத்துப் பிரித்தால் இந்தப் பக்கம் என் அப்பா தும்முவார். "ஆரம்பிச்சிட்டாங்க லா கதைய," என்று இந்த ஊர்ப் பேச்சின் 'லா' சேர்த்துச் சொல்லிவிட்டு இன்னொரு தும்மல் போடுவார்.

அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை, இருந்தபோதும் அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இருக்கவில்லை என்று ஒரே ஒரு முறை சொன்னார். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். எனக்கு இருபது வயது. பாலிடெக்னிக்கில் பொறியியல் பட வரைவு படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். என் மேசையில் பென்சில்கள் கடினத்தின் வரிசையில் இருக்கும். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "ஏன் பாப்பா, நடுவுல ஒண்ணு வரிசை மாறிப் படுத்தா தூக்கம் வராதா அதுக்கு?" என்று கேட்டார். அன்று இரண்டு பென்சிலை அவர் மாற்றிவைத்துவிட்டுப் போனதை மறுநாள்தான் கண்டுபிடித்தேன்.

அவர் எழுதுகிற முறை வேறு யாரிடமும் நான் பார்க்காதது. மில்லில் காம்பு கிள்ளும்போதே மனத்தில் வாக்கியம் வாக்கியமாகக் கட்டுவார். சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு வாய்விட்டுச் சொல்வார். மறுநாள் முதலிலிருந்து மறுபடி சொல்லி, புதிதாக நான்கு வாக்கியம் சேர்ப்பார். ஆறேழு வாரத்தில் கதை முடியும். முடிந்த பிறகுதான் தாள், பேனா. எழுத உட்கார்ந்தால் அடித்தல் திருத்தல் கிடையாது. நகல் எடுத்து வையுங்கள் அக்கா, என்னிடம் கார்பன் தாள் இருக்கிறது என்று நான் சொன்னபோது நெற்றியைத் தட்டிக் காட்டினார். "இங்க இருக்கு. தாள்ல ரெண்டு இருந்தா எது கதை, எது அதோட நிழல்னு எனக்கே தெரியாது."

நிழல் என்றால் அவருக்கு நிழல்தான். அவருடைய கதை ஒன்றில் ஒரு மில் இருக்கும். வேலைக்கு வரும் பெண்கள் வாசலில் நிழலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அடையாள வில்லை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு மாலை ஒருத்திக்கு வேறு யாருடைய நிழலோ மாறி வந்துவிடும். அது இவளைவிட உயரமான நிழல். வீட்டுக்குப் போகும் வழியில், இவள் திரும்பாத சந்துகளில் அது திரும்பப் பார்க்கும். இன்னொரு கதையில் ஒரு தீவு, யாரும் பார்க்காதபோது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை நோக்கி வரும். சுங்க அதிகாரிகள் அதற்கு வரி போடுவதா வேண்டாமா என்று கோப்பு எழுதிக்கொண்டே இருப்பார்கள். இன்னொன்றில், தும்மலை விலைக்கு வாங்கும் வியாபாரி.

இனி அவருடைய குணத்தைச் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான், அதிலிருந்துதான் எல்லாம் வந்தது. கதையை அவர் மூட்டை கட்டி எடை போட்ட சரக்காகத்தான் பார்த்தார். சரக்குக்கு என்ன நாணயம் உண்டோ அது கதைக்கும் உண்டு.

இனாமாகக் கொடுக்க மாட்டார். கோயில் விழா மலருக்குக் கதை கேட்டு ஓர் இளைஞர் வந்தார்.

"நல்ல பேப்பர்ல போடுவோம் அக்கா. உங்க பேரையும் பெருசா போடுவோம்."

"என் பேரு எனக்குத் தெரியும் தம்பி. மத்தத சொல்லு."

மற்றது எதுவும் அந்தத் தம்பியிடம் இல்லை. அக்கா அவருக்குக் கோப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

உள்ளூர் நாளிதழ் ஒன்றின் ஞாயிறு மலரைப் பார்த்துக்கொண்டவர் ஒருமுறை நிழல் கதையைக் கேட்டு வாங்கிப் படித்தார். அந்த மலரில் எழுதுகிற யாருக்குமே பணம் கிடையாது. எல்லோரும் ஆசையால் எழுதியவர்கள். இவருக்கு மட்டும் ஏதோ கொஞ்சம் தருவதாகக்கூடச் சொன்னார். ஒரே ஒரு மாற்றம் கேட்டார்: கடைசியில் அந்தப் பெண் விழித்துக்கொள்ள வேண்டும், எல்லாம் கனவு என்று. அக்கா கையை நீட்டித் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

வரும் வழியில் தேக்கா மார்க்கெட் முன்னால் நின்று சொன்னார்: "நடந்தத எழுத என்ன கஷ்டம்? அது ஏற்கெனவே அங்க கெடக்கு, அள்ளிக்கலாம். நடக்காதத ஒண்ணுமே இல்லாத எடத்துலேருந்து கொண்டாரணும். வண்டிக்கூலி அதிகம் பாப்பா. அதக் கொண்டாந்து எறக்கினப்புறம், 'இது வரவே இல்ல, நீ தூங்கிட்ட'ன்னு சொன்னா எப்படி?"

கூலி என்று அவர் சொன்னது விளையாட்டு இல்லை. அந்த ஆண்டு முழுவதும் இருமல். அரசாங்க மருந்தகத்தில் மிளகாய் மில்லை விடச் சொல்லிவிட்டார்கள். மில்லை விட்டால் வாடகைக்குப் பணம் கிடையாது. நாகப்பட்டினத்திலிருந்து அவருடைய தம்பி கடிதம் போட்டுக்கொண்டிருந்தார்: வந்துவிடு, சமையலறைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, என் மனைவிக்கும் ஒத்தாசையாக இருக்கும் என்று. அக்கா அந்தக் கடிதங்களை என்னை வாசிக்கச் சொல்வார், தனக்கு வாசிக்கத் தெரிந்தும். "ஒத்தாசை" என்ற சொல் வந்ததும் போதும் என்று கை காட்டுவார். மாதம் ஒரு கதை நிச்சயமாகப் போகிற ஓர் இடம் கிடைத்தால், கொஞ்சம் தையலும் சேர்த்துக்கொண்டால், மில்லை விட்டுவிட்டு இங்கேயே இருந்துவிடலாம். அவர் கேட்டது அவ்வளவுதான். புகழைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

பட்டியல் என் யோசனை. சிராங்கூன் சாலையில் சென்னை வார, மாத இதழ்கள் கப்பலில் வந்து இறங்குகிற ஒரு கடை இருந்தது. வகுப்பு முடிந்து அங்கே போய் நின்றபடி ஒவ்வோர் இதழின் கடைசிப் பக்கமாகப் பார்த்துக் குறித்துக்கொள்வேன். "படிக்கிறியா, வாங்குறியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு தங்கச்சி," என்பார் கடைக்காரர். இரண்டும் இல்லை, பட்டியல் போடுகிறேன் என்று சொன்னேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

வரைதாளில் கட்டம் போட்டேன். இதழின் பெயர். சன்மானம் உண்டா. குடும்பக் கதை மட்டுமா, சரித்திரமா. பேய்க்கதை என்றால் எப்போதுமா, தீபாவளி மலரில் மட்டுமா. பேயும் இல்லாமல், சாமியும் இல்லாமல், கனவும் இல்லாமல் வெறுமனே நடக்க முடியாததாக ஒரு கதை எப்போதாவது வந்திருக்கிறதா. இந்தக் கடைசிக் கட்டத்தில் ஐந்து இதழ்களுக்குத்தான் குறி விழுந்தது. ஐந்திலும் கீழே ஒரே அறிவிப்பு: தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறை இல்லாத படைப்புகள் திருப்பி அனுப்பப்பட மாட்டா.

சுயவிலாச உறை. அது என் பொறுப்பு. பெரிய உறைக்குள் சரியாக அடங்கும்படி அளந்து மடித்தேன். முகவரியை வரைபட எழுத்தில் எழுதினேன். கதையின் எடையைப் பார்த்து, ராணி தலையும் படகுப் படமும் போட்ட தபால்தலைகளை மூலைக்கு இணையாக, கோணாமல் ஒட்டினேன். பதினான்கு உறைகள். என் ஆசிரியர் பார்த்திருந்தால் மதிப்பெண் போட்டிருப்பார்.

அக்காவின் நாணயத்தில் இன்னொன்று: ஓர் இடத்துக்குக் கொடுத்த கதையை அங்கிருந்து பதில் வராமல் வேறு யாருக்கும் காட்ட மாட்டார். மில் பெண்கள் கேட்டால்கூட, அனுப்பிய கதையை மறுபடி சொல்ல மாட்டார். அது இப்போது தன்னுடையது இல்லை, அவர்கள் கையில் இருக்கிறது என்பார். பட்டியலில் நான் கடைசியாக ஒரு கட்டம் சேர்த்தேன்: நிலை. அதில் பதினான்கு முறை "பரிசீலனையில்" என்று எழுதினேன். திரும்பவும் வரவில்லை, பதிலும் இல்லை என்றால் வேறென்ன எழுதுவது?

"வேணாம்னா உறை இருக்கு, திருப்பியிருப்பாங்க," என்று அக்கா சொல்வார். "திருப்பலன்னா படிக்கிறாங்க. என் மிளகா நெடிக்குத் தும்மித் தும்மி படிக்கணும், நேரம் எடுக்கத்தான் செய்யும்."

தபால்காரர் வருகிற நேரத்துக்கு அவர் மில்லில் இருப்பார். மாலை படியேறி வரும்போது கீழிருந்தே என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையை அசைப்பேன். "நல்லது," என்பார். திரும்பி வராததை நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் படியேறினார்.

அந்த வியாழக்கிழமை நான் ஆற்றோரத்துப் பெரிய தபால் நிலையத்துக்குப் போனது என் வேலைக்காக. சென்னையில் ஒரு கடையிலிருந்து வரைகருவிகளின் விலைப்பட்டியல் கேட்டு எழுதியிருந்தேன். முறைப்படி பதில் உறையும் வைத்திருந்தேன். எடை பார்க்க முகப்பில் இருந்த தமிழ்க் கிளார்க்கிடம் கொடுத்தேன். அவர் உள்ளுறையைப் பார்த்துச் சிரித்தார்.

"இது எதுக்கு, தங்கச்சி?"

"அங்கேயிருந்து பதில் அனுப்ப."

"இந்த ஸ்டாம்பு அங்க செல்லாது லா. அந்த ஊர் தபாலுக்கு அந்த ஊர் ஸ்டாம்புதான். நம்ம ராணி தலைய அங்க யாரு மதிப்பா? இதுக்குன்னு பதில் கூப்பன் இருக்கு, இங்க வாங்கி உள்ள வைக்கணும். அவங்க அத அங்க குடுத்து அவங்க ஸ்டாம்பு வாங்கிக்குவாங்க."

"செல்லாத ஸ்டாம்போட உறை வச்சா என்ன செய்வாங்க?"

"என்ன செய்வான், குப்பையில போடுவான். கைக்காசு போட்டா அனுப்புவான்?"

கூப்பன் ஒன்று வாங்கினேன். வாசல் படியில் நின்று யோசித்தேன். எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து வாரம் ஒரு கடிதம் வருகிறது. ஒவ்வொன்றிலும் இந்தியத் தபால்தலை. அதை நீராவியில் காட்டி உரித்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதே நான்தான். ஆனாலும் எனக்குத் தோன்றவில்லை. ஊருக்குப் போகிற கடிதத்துக்கு இந்தத் தபால்தலைதான் ஒட்டினோம்; திரும்பி வருவதும் அதே வழிதானே என்று கை தன்போக்கில் ஒட்டிவிட்டது. எங்களில் யாருக்கும், உறையைப் பார்த்த யாருக்கும், அது தவறாகப் படவில்லை.

கணக்கு தெளிவாக இருந்தது. ஏற்றுக்கொண்டிருந்தால் அவர்களே எழுதியிருப்பார்கள். எழுதவில்லை. ஆகவே பதினான்கும் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவை. திரும்பி வர வழியில்லாததால் பதினான்கும் குப்பையில். அன்று மாலையே சொல்லியிருக்க வேண்டும்.

நான் வேறு ஒன்று செய்தேன். உறுதி செய்யாமல் அறிக்கை கொடுக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஐந்து இதழ்களுக்கும், இந்த முறை கூப்பனோடு, கதைகளின் தலைப்பைக் குறித்து விசாரித்து எழுதினேன். பதில் வரட்டும், முழு விவரத்தோடு சொல்லலாம் என்று முடிவெடுத்தேன். அது ஒழுங்கான முடிவாகத் தெரிந்தது. பயம் என்று அப்போது நான் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

நான்காவது வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்துத் தெருவில் அச்சகம் வைத்திருந்த பாய் எங்கள் மாடிக்கு வந்தார். அவருடைய மனைவியின் தங்கை அதே மில்லில் வேலை பார்த்தவர். வீட்டில் போய்க் கதைகளைச் சொல்லியிருக்கிறார். பாய் ஒரு மாத இதழ் தொடங்கப்போகிறார். கைலியை ஒதுக்கிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த நிழல் மாறிப்போற கதைய கேட்டுட்டு எங்க வீட்ல மூணு நாளா யாரும் வெயில்ல நிக்கல. மாசா மாசம் அந்த மாதிரி ஒண்ணு வேணும். உங்களுக்குன்னு தனிப் பக்கம். கனவு கினவுன்னு மாத்தச் சொல்ல மாட்டேன். இனாமும் கேக்க மாட்டேன்."

அம்மாதான், "கோப்பி குடிங்க பாய்," என்றார்.

"ஒரே ஒரு விஷயம். முதல் இதழ்லயே ஆறு மாசத்துக் கதைக்கும் விளம்பரம் போடணும். ஆறு கதை என் கையில இருக்கணும், ரெண்டு வாரத்துல. பணம் போடுற என் மச்சானுக்குக் கதைன்னாலே நம்பிக்கை இல்ல. அவன் முன்னாடி ஆறையும் எடுத்து வைக்கணும்."

"ரெண்டு வாரத்துல ஆறு புதுசு வராது பாய். எனக்கு ஒண்ணுக்கே ஒன்றரை மாசம்."

"புதுசு யாரு கேட்டா? இருக்கிறதக் குடுங்க."

"எல்லாம் வெளிய இருக்கு. மெட்ராஸ்ல."

"இருந்தா என்ன? மனப்பாடமா சொல்றீங்களாம். மறுபடி எழுதிக் குடுங்க. மெட்ராஸ்காரன் இங்க வந்தா பாக்கப் போறான்?"

"அவன் பாக்க மாட்டான். நான் பாப்பேன்ல?"

பிறகு என் பக்கம் திரும்பினார். இரண்டு ஆண்டுகளில் அவர் முகத்தில் ஆசையை அப்படிப் பார்த்ததில்லை. "பாப்பா, உன் லிஸ்ட எடுத்துப் பாரு. எதாவது கைவிட்டுப் போயிருக்கா? இது இனிமே அவங்களுது இல்லன்னு சொல்ற மாதிரி ஒண்ணாவது இருக்கா?"

நான் பட்டியலை எடுத்தேன். விரித்தேன். பாய் பார்த்துக்கொண்டிருந்தார், அம்மா கோப்பிக் குவளையோடு நின்றார். விரலைக் கட்டத்தின் மேல் வைத்து, மேலிருந்து கீழே இறக்கினேன்.

"எல்லாம் பரிசீலனையில் இருக்கு அக்கா," என்றேன்.

"பாத்தீங்களா பாய்," என்றார் அவர். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "இப்ப மனசுல கட்டிட்டிருக்கிற ஒண்ணத் தரேன். மில்ல விட்டுட்டு மீதிய மாசா மாசம் எழுதறேன்."

"ஒண்ண வச்சு மச்சான மடக்க முடியாதும்மா," என்று பாய் வருத்தத்தோடு எழுந்தார். இரண்டு வாரம் காத்திருந்தார், வாக்குத் தவறவில்லை. பிறகு அந்தப் பக்கத்துக்கு யாரோ எழுதி முடித்து வைத்திருந்த துப்பறியும் தொடர்கதை ஒன்றை வாங்கிப் போட்டார்.

அக்கா அதற்கு வருந்தியதாகத் தெரியவில்லை. "மெட்ராஸ்ல பதினாலு இருக்கே," என்றார். எனக்கு ஆறுதலாகச் சொன்னார்.

ஒன்பதாவது வாரம் இரண்டு இதழ்களிலிருந்து அஞ்சலட்டை வந்தது. இரண்டிலும் ஒரே செய்தி: உரிய தபால்தலை இல்லாத படைப்புகள் மூன்று மாதங்களில் கழிக்கப்படும். மற்ற மூன்றும் எழுதவில்லை. இனி உறுதி செய்ய ஒன்றும் இல்லை.

அவர் அறையில் கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். தபால்தலை, கூப்பன், அட்டைகள், எல்லாம். வரிசையாகத்தான் சொன்னேன்.

அவர் ஒரு விரலுக்கு எண்ணெய் தடவி முடித்தார். அடுத்த விரலுக்குப் போனார்.

"அப்ப பதினாலும் இல்ல."

"இல்லை அக்கா."

"வேணாம்னுட்டாங்க."

"ஆமா."

"சரி, அது அவங்க இஷ்டம்." கட்டைவிரலுக்கு வந்தபோது, "நீ எப்ப தெரிஞ்சுக்கிட்ட?" என்றார்.

"ஒரு வியாழக்கிழமை. பெரிய தபாலாபீஸ்ல."

"பாய் வந்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் தயாராக வரவில்லை. "முன்னாடி," என்றேன்.

அவர் கத்தவில்லை. என்னை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. எண்ணெய்க் கிண்ணத்தை மூடினார். அழுகை வந்திருக்க வேண்டும். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கி, மிளகாய்க் கை என்று நினைவு வந்து, பாதியில் இறக்கினார். அந்தக் கண்ணைத் துடைத்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நான் நகரவில்லை. எனக்கு அந்த உரிமை போய்விட்டிருந்தது.

மறுநாள் நான் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு போனேன். நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன், பாயிடம் நானே போய்ப் பேசுகிறேன் என்றேன். உட்கார் என்றார். நிழல் கதையைத் தொடங்கினார். முதல் வாக்கியம் சரியாக வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதில் நின்றார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அதே இடத்தில் நின்றது. தீவுக் கதையை முயன்றார். அதில் சுங்க அதிகாரிகள் வருவதற்கு முன்பே நின்றுபோனது.

"அங்க உக்காந்து யாரோ படிக்கிறாங்கன்னு மனசுலேருந்து விட்டுட்டேன்ல," என்றார். "கூப்பிட்டா வர மாட்டேங்குது பாப்பா. எந்திரி, நேரமாச்சு. சாப்பிடு போ."

இருமல் அதிகமாகி, அடுத்த மாதம் மில்லை விட்டார். தம்பிக்கு வருகிறேன் என்று அவரே எழுதிப் போட்டார். என்னை வாசிக்கச் சொல்லவில்லை. துறைமுகத்துக்கு அம்மாவும் நானும் போனோம். கப்பலில் ஏறும் முன் அம்மாவைக் கட்டிக்கொண்டார். என்னிடம், "வேற யாருக்காவது இப்படி எடம் தேடிக் குடுப்ப. நல்லாத்தான் தேடுன. கூப்பன மட்டும் மறந்துடாத," என்றார். குத்திக் காட்டிச் சொல்லவில்லை. வேலையில் ஒரு திருத்தம் சொல்வதுபோல்தான் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இதெல்லாம் நடந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நான் இப்போது வடிகால் வரைபடங்கள் வரைகிற அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பாயின் இதழ் ஓராண்டு வந்து நின்றது. அக்காவின் கதைகளில் ஒன்பதின் சுருக்கம் எனக்கு நினைவிருக்கிறது, வாக்கியங்கள் நினைவில் இல்லை. சுருக்கத்தை எழுதிப் பார்த்தேன். குழாய் போகும் வழியைக் குறிப்பதுபோல் இருந்தது. கிழித்துவிட்டேன்.

நாகப்பட்டினத்திலிருந்து ஆண்டுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அம்மாவின் முழங்கால் வலியை விசாரிக்கிறார். மழை பெய்தது, பெய்யவில்லை என்று எழுதுகிறார். தம்பி பிள்ளைகளின் பரீட்சை, காய்கறி விலை, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நான்காவது பிரசவம் என்ற செய்தி. எல்லாம் நடந்தவை. நடக்காத ஒரு வரியும் அதில் இருப்பதில்லை.

இருமல் குறைந்திருக்கிறதாம். கதை எழுதுவதில்லை. எழுதுங்கள் என்று நானும் கேட்டதில்லை.